இடது பக்கக் கைப்பிடி

நாயகம்,

போனில் உன் சிரிப்பைக் கேட்டபோதே நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிடுகிறேன். நான்தான் அவ்வளவு நன்றாக இல்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கிறது, மாத்திரை அது பாட்டுக்கு உள்ளே போகிறது, மெஸ்ஸில் அடுப்பும் எரிகிறது. ஆனால் சாம்பாரை இறக்கி உப்புப் பார்க்கிறபோதுகூட உன் குரல்தான் காதில் நிற்கிறது. "எப்பா, நீங்க குளத்துக்கு வந்து என்னையப் பாத்திருக்கீங்க, என்ன?" என்று கேட்டாயே, அந்தக் குரல். அதற்கு நான் "ஆமாலே" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் நீ பாதியிலேயே "பரவால்லப்பா, விடுங்க" என்று குறுக்கே புகுந்துவிடுவாய். எதிரே நிற்கிறவன் தலை குனிந்தால் உனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. போன ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் ஆற்றங்கரையில் உன்னோடு நின்றுகொண்டு, ஸ்பீக்கரில் "அப்பா, அப்பா" என்று கத்தினார்களே, அந்தப் பையன்களுக்கும் படித்துக் காட்டு. அதில் ஒருவன் சொன்னான், "எங்கூட்டுல எல்லாம் தூண்டிலப் பாத்தாலே ஒடச்சு அடுப்புல வெச்சுருவாங்கப்பா. உங்கள மாதிரி ஒருத்தரு கெடைக்க இவன் குடுத்து வெச்சிருக்கணும்." அந்தப் பையன் வீட்டாரைவிட நான் ஒன்றும் மேலில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். என்னைப் பற்றி நீ அவர்களிடம் சொல்லி வைத்திருப்பது தப்பு.

அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுதுகிறேன். நம் வீடு சைவம். முட்டைகூட வாசல்படி தாண்டாது. சங்கரன்கோவிலில் கோவிலுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறேன், முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளுக்குத் தவசுப்பிள்ளையாகப் போய்ச் சமைக்கிறேன். மறுவீட்டுக்குச் சொதி வைக்க வேண்டுமென்றால் சைவக்காரர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். தேங்காய்ப்பால் திரியாமல் சொதி இறக்குவதில் எனக்கு இருக்கும் கர்வம் உனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும், அதில் நீங்கள் பட்ட பாடும் தெரியும். அப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்துவிட்டு, எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் உள்ளே என்ன நீந்துகிறது என்று எட்டிப் பார்க்கிற பிள்ளை நீ.

நீ பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குளத்தில் நூல் போட்டுக்கொண்டிருந்ததை ஒரு வாடிக்கைக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீ வந்ததும் வீட்டுக்குள் விடாமல் வாசல் குழாயடியில் நிறுத்தி, சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேர் பார்க்க, சட்டையோடு குளிக்க வைத்தேன். மனதில் கறுவிக்கொண்டிருக்கிற பையன் இல்லை நீ, அழுதுகொண்டே குளித்தாய். பந்தியில் இருந்த ஒருவர், "அண்ணாச்சிக்குப் புள்ள வளக்கத் தெரியுது வே" என்றார். அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்துபோனது. நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது அதைவிடக் கேவலமாக ஒன்று செய்துவிட்டேன்.

உன் அம்மாவும் நானும் ஒரே போனை வைத்திருக்கிறோம் அல்லவா. நீ மேட்டூருக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒருநாள் அதில் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. தூண்டிலில் நூல் சுற்றுகிற ரீலைப் பற்றிச் சிநேகிதனுக்கு அனுப்ப வேண்டியதை எங்களுக்கு அனுப்பிவிட்டாய். "மாப்ள, மொதல் பெய்ட் காஸ்டிங் ரீல் வாங்கணும்லே. விலை கம்மியா, ஆனா சீக்கிரம் பல்லு தேஞ்சு போகாததா ஒண்ணு சொல்லு. கடையநல்லூர் பாய் கடையில கேட்டு வை. எங்க வீட்டு அட்ரஸுக்கு மட்டும் அனுப்பச் சொல்லிராத. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனுசன் சாப்பிட மாட்டாரு." சற்று நேரத்தில் நீ அதை அழித்தும் விட்டாய். நாங்கள் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். உன் அம்மா கேட்கவில்லை, நான் கேட்டேன்.

திட்டுவார் என்று நீ சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் எனக்குப் பழகிய சாமான், அதை வைத்து எப்படியும் பிழைத்துக்கொள்வேன். மனுசன் சாப்பிட மாட்டாரு என்று கவலைப்பட்டாயே, அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானே வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். உடனே மனம் மாறிய தகப்பன் என்று நினைத்துவிடாதே. என் பிள்ளை விலை குறைவாக ஒன்று சொல்லு என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு நிற்கிறானே என்ற வீம்பு அதில் பாதி. மீதிப் பாதி என்னவென்று இப்போதுதான் எனக்கே பிடிபடுகிறது.

ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் பார்க்கப் புளியங்குடிக்குப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். புளியங்குடியில் நிஜமாகவே பழம் வாங்கினேன், பொய்க்கு ஒரு ஆதாரம் வேண்டுமே. அங்கிருந்து கடையநல்லூருக்கு வேறு பஸ். பாய் கடையைக் கண்டுபிடித்ததும் உள்ளே போய்விடவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் நின்று, நம்மூர் முகம் ஏதாவது தெரிகிறதா என்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். சாராயக் கடைக்குப் போகிறவன்கூட இவ்வளவு முன்னெச்சரிக்கையாகப் போக மாட்டான்.

பாயை உனக்கு நன்றாகத் தெரியும். கத்தாரில் வேலை பார்த்த காலத்தில் கடலோரத்தில் நின்று தூண்டில் வீசிப் பழகி, ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்டவர் என்று அவரே பிறகு சொன்னார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள், "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு இங்கன இல்ல, நேரா போயித் திரும்பணும்" என்றார்.

"இல்ல பாய், சாமான் வாங்கத்தான் வந்தேன். பெய்ட் காஸ்டிங் ரீல்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு?"

"எங்க மொதலாளி பையனுக்கு."

கேட்டாயா, நாயகம்? அவர் என்னை மிரட்டவில்லை. கேலி செய்யவில்லை. எந்தக் கடைக்காரரும் கேட்கிற கேள்விதான். அதற்கு என் வாயில் இந்தப் பதில் தயாராக இருந்தது. உனக்கு அப்பா என்று சொல்வதைவிட, எவனுக்கோ வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. என் மெஸ்ஸில் என்னை யாராவது ஏவினால் கரண்டியைத் தூக்கி எறிகிறவன் நான். எந்த ஊர் என்று கேட்டதற்கும் புளியங்குடி என்றேன். கையில் எலுமிச்சம்பழப் பை இருந்ததால் அவர் நம்பினார்.

அந்தப் பொய்க்கு உடனே தண்டனையும் கிடைத்தது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்றதும் பாய் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஜப்பான் ரீல்களாக எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் கல்யாண மோதிரம் மாதிரி பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டு எனக்கு வேர்த்தது. "கொஞ்சம் கம்மியா" என்றேன். ஒரு வரிசை இறங்கினார். "இன்னும் கம்மியா" என்றேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"மொதலாளிங்கீங்க, கம்மியாங்கீங்க. இப்படிப்பட்ட ஆளுகிட்ட எப்படி அண்ணாச்சி குப்பை கொட்டுதீங்க?"

"அவரு கொஞ்சம் கை இறுக்கம்" என்று என்னையே நான் காட்டிக்கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நீ அடுத்த ரீல் வாங்கும்போது உனக்கு உதவும், உன் சிநேகிதர்களுக்கும் உதவும். இந்த ஒன்றையாவது நான் ஒழுங்காகக் கேட்டேன். பெட்டியின் மேல் பேரிங் இத்தனை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பக் கூடாதாம். "எண்ணிக்கையக் கூட்டிக் கூட்டிப் போடுதான், உள்ள பாத்தா பாதி தகரம்" என்றார். நல்லதாகச் சில இருந்தால் போதும். பழகுகிறவனுக்கு வெளியே திருகிக் கூட்டிக் குறைக்கிற காந்தப் பிரேக் இருக்க வேண்டும். உள்ளே திறந்து சரிசெய்கிற பிரேக் கை தேர்ந்தவர்களுக்கு. இழுக்கிற வேகம் அதிவேகமாகவும் வேண்டாம், மந்தமாகவும் வேண்டாம், நடுவாந்தரமாக இருக்கட்டும். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிச் சாமான் இங்கே கிடைக்கிற கம்பெனியாக இருக்க வேண்டும். முதல் ரீல் என்பது கெடுத்துப் பழகுவதற்கு, அதைக் கெடுத்தால் அழுகை வராத விலையில் வாங்க வேண்டும் என்றார். இத்தனையும் சொல்லிவிட்டு, எனக்குத் தேவையே இல்லாத ஒரு நூல் உருண்டையையும் தலையில் கட்டப் பார்த்தார். மனிதர் வியாபாரிதான்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. "பையன் எந்தக் கையில வீசுவான்?"

"சோத்தாங்கையிலதான்" என்றேன், யோசிக்காமல்.

"வீசிட்டுக் கம்பை மாத்திப் பிடிப்பானா, மாத்தாம அந்தக் கையிலயே வச்சிருப்பானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "மாத்தினா வலது கையால சுத்துவான், கைப்பிடி வலது பக்கம் வேணும். மாத்தாட்டி இடது பக்கம். சாதா ரீல் மாதிரி இதுல கைப்பிடியக் கழத்தி அந்தப் பக்கம் மாட்ட முடியாது அண்ணாச்சி. தப்பா வாங்கிட்டுப் போனா, அவன் கைக்கு அது ஆகவே ஆகாது."

நாயகம், நீ எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாய் என்று எனக்குத் தெரியும். ரசத்துக்கு முன்னால் மோர் கேட்பாய் என்று தெரியும். இலையில் எதை ஒதுக்குவாய் என்று தெரிந்து அதைப் போடாமலே விடுவேன். ஆனால் உனக்கு உயிரான ஒன்றை நீ எந்தக் கையால் செய்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தெரியாது என்றேன். பாய், முதலாளி வீட்டுச் சங்கதி வேலைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, ஒருக்க வீசிப் பாருங்க, அப்பத்தான் நான் சொல்லுதது புரியும்" என்று எழுந்து போய், மூலையில் சாய்த்திருந்த ஒரு தூண்டில் கம்பை எடுத்து வந்தார். அதில் ரீல் இல்லை. கையிலிருந்த ரீலை அதில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இது ஒரு பையனோட கம்பு. சங்கரன்கோவில்காரன், நாயகம்னு பேரு. ராடு வாங்கிட்டான், சொந்தமா ரீல் வாங்க இன்னும் வேளை வரல, எங்கிட்ட இரவல் வாங்கித்தான் வீசுவான். வீட்டுல வைக்க முடியாதுன்னு இங்கன போட்டுட்டு மேட்டூருக்கு மாத்தலாகிப் போயிட்டான்."

அந்தக் கம்பை என் கையில் கொடுத்தார். பிடியில் நீ சுற்றியிருந்த கறுப்பு டேப் வழவழவென்று தேய்ந்திருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்று, முனையில் கட்டிய ரப்பர் குண்டை அவர் சொன்னபடி வீசினேன். இந்த ரீலில் நூல் சுற்றிய உருளையே சுழலும், கட்டைவிரலால் தடவி அதை நிறுத்தத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்க மறந்தவன் கதையாகிவிட்டது. குண்டு விழுந்த பிறகும் உருளை சுழன்று, உள்ளே நூல் புசுபுசுவென்று பொங்கிச் சிக்கிக்கொண்டது. "எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான். பிரேக்க இறுக்கி வச்சு ஆரம்பிக்கணும், வெரல் பழகப் பழகத் தளத்தணும்" என்று சொல்லி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு பேரும் குனிந்து சிக்கெடுக்க ஆரம்பித்தோம். பிரேக்கையும் பிள்ளை வளர்ப்பையும் சேர்த்து உனக்கு ஒரு உபதேசம் எழுதலாம். இன்று அதற்கு எனக்கு வாய் இல்லை.

சிக்கெடுத்துக்கொண்டே அவர் உன்னைப் பற்றிப் பேசினார். நான் கேட்கவில்லை, அவராகவே பேசினார்.

"தங்கமான பையன் அண்ணாச்சி. இந்தப் பக்கம் தண்ணி மெசின் சர்வீஸுக்கு வருவான், வேலை முடிஞ்சா குளத்துக்குப் போயிருவான். பிடிக்குத வெராலப் பாதி திரும்ப விட்டிருவான், மீதிய அங்கன நிக்கவங்ககிட்ட குடுத்திருவான். ஒண்ணுகூட வீட்டுக்குக் கொண்டு போனதில்ல. திரும்பி வந்து இங்கன குழாய்ல எலுமிச்சம்பழத் தோலப் போட்டுக் கையத் தேய்ப்பான் பாருங்க, தோலு உரிஞ்சிரும்போல. வேற சட்டை மாத்திட்டுத்தான் கிளம்புவான். அவங்க அப்பா சைவச் சமையல்காரராம். 'அவரு போடுத எலையில போயி உக்காரணும் பாய், கவுச்சி வாசத்தோட உக்காரக் கூடாது'ம்பான். ஒருநாள் தூக்குச்சட்டியில சொதி கொண்டாந்தான். ஏ அல்லா, அப்படி ஒரு ருசி. 'எங்கப்பா வச்சது'ன்னு சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாக்கணுமே."

நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் உன்னைக் குளிக்க வைத்தது நான். அதற்குப் பிறகு நீயாகவே குழாய் தேடிப் போய்த் தேய்த்துக் கழுவியிருக்கிறாய். அதையும் எனக்கு மரியாதையாகச் செய்திருக்கிறாய். அந்த மனிதர் முன்னால் நிமிர்ந்து, அவன் என் மகன், அந்தச் சொதி நான் வைத்தது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என் வாழ்க்கையில் யாரும் என் பிள்ளையைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்ட நேரத்தில் நான் புளியங்குடிக்காரனாக, யாருக்கோ கூலியாளாக உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என் பொய் வெளியே வரும். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை விட்டுவிட்டேன்.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை அறுக்கிறது. "அந்த மனுசன் ஒரு தடவையாவது கரையில வந்து நின்னு பாத்திருக்கணும் அண்ணாச்சி. அவன் வீசுதது அவ்வளவு நேர்த்தி. சோத்தாங்கையில வீசுவான், கம்பை மாத்தவே மாட்டான், இடது கையால சுத்துவான். அவனுக்குக் கைப்பிடி இடது பக்கம்தான் வேணும்."

"அப்ப எங்க பையனுக்கும் அது மாதிரியே குடுங்க" என்றேன். முதலாளி என்ற வார்த்தை அந்த நேரம் நாக்கில் வரவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. ரீலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார், கம்பை மறுபடி மூலையில் சாய்த்தார். உன் கம்பை அங்கேயே விட்டுவிட்டு, ரீலை எலுமிச்சம்பழத்துக்கு அடியில் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் பையைக் கவிழ்த்ததும் உன் அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டாள். என்ன என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அவன் சட்டையில எலுமிச்சம்பழ வாசம் அடிக்கையிலயே எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மூக்கு வேற பக்கம் இருந்துச்சு" என்றாள். மறுநாள் அவளே கூரியரில் போட்டுவிட்டு வந்தாள்.

மீதி உனக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்த கையோடு கூப்பிட்டாய். எடுத்த எடுப்பிலேயே கேட்டாய், "எப்பா, இடது பக்கக் கைப்பிடின்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? யாருகிட்டயும் நான் சொல்லலையே?" நான் திகைத்து நின்றேன். அந்த இடைவெளியில் நீயே ஒரு கதையைக் கட்டிவிட்டாய். நான் குளத்துக்கு வந்திருக்கிறேன், உடைமரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறேன், உன்னைக் கூப்பிட வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். "நெசமாவே வந்து பாத்தீங்களாப்பா?" என்று கேட்டு அழுதாய். நான் "ஆமாலே" என்றேன். நீ கொடுத்த அந்த நல்ல அப்பாவின் சட்டை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. உனக்காகச் சொன்னேன் என்று சமாதானம் சொல்ல மாட்டேன், எனக்காகத்தான் சொன்னேன்.

நான் வரவில்லை, நாயகம். எந்த மரத்துக்குப் பின்னாலும் நிற்கவில்லை. நீ வீசுவதைப் பார்த்தது ஒரு கடைக்காரர். அவர் சொன்னதைக் கேட்டு, உன் பெயரைக்கூடத் தெரியாதவன்போல நடித்து வாங்கியது அந்த ரீல்.

ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதர்கள் கத்தியதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் மெஸ்ஸைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையநல்லூர் போனேன். பாய் ஏதோ ரீலைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான்தான் நாயகத்துக்கு அப்பா என்றேன். அன்றைக்குச் சொன்னது எல்லாம் பொய் என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்போல. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? அவன்கிட்டல்லா சொல்லணும்" என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மூலைக்குப் போனார். "அன்னைக்கே கொண்டு போயிருக்கணும் நீங்க" என்று உன் கம்பை என்னிடம் நீட்டினார். உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

இன்னும் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவ்வளவும் பட்ட பிறகும், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கம்பைச் சாக்கில் சுற்றிவிட்டேன். வாடிக்கைக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பந்தல் கம்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே நாளில் திருந்திவிட்டவனாக உன்னிடம் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை. எனக்கு வெட்கம்கூடத் தப்பான இடத்தில்தான் முதலில் வருகிறது, சரியான இடத்துக்கு அது வந்து சேர நேரமாகிறது.

உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அவன் உனக்குப் பிடிக்காத ஏதோ ஒன்றை உயிராகச் செய்வான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல். ஆனால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். பார்க்காமல் சொல்கிறவன் எத்தனை நியாயம் பேசினாலும் பிள்ளைக்கு அது வாசலில் நின்று கத்துகிற சத்தம்தான். இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை.

இப்போதும் எனக்கு மீன் ஆகாது. அது துடிப்பதைப் பார்க்க என்னால் முடியுமா தெரியவில்லை, நீ தூக்கும்போது ஒருவேளை முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் நீ வீசுவதைப் பார்க்க வேண்டும். கம்பை எடுத்துக்கொண்டு மேட்டூருக்கு வரலாம் என்று இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால், வர வேண்டாம் என்று சொல்லிவிடு, கம்பை மட்டும் அனுப்பி வைக்கிறேன். வரலாம் என்றால், பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், விசாரித்து வந்துவிடுவேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று வழியில் யாராவது கேட்டால், என் மகனை என்று சொல்லிப் பழக வேண்டும்.

எந்தக் கரை என்று மட்டும் சொல்.

அப்பா